மலையுச்சியில் மூன்று சுற்று

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு எங்கள் வீட்டில் ‘சுழல்’ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 2022-ஆம் ஆண்டு வெளிவந்த தொடர் அது. புஷ்கரும் காயத்ரியும் எழுதியது. எட்டு பகுதிகள். எல்லோரும் பார்த்து முடித்து, பேசி முடித்து, மறந்தும் போன பிறகுதான் எந்தத் தொடரும் எங்கள் வீட்டுக்குள் வரும். அது எங்கள் வழக்கம். அதில் ரெஜினா என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஸ்ரேயா ரெட்டி நடிக்கிறார். அவருக்குக் கீழே சக்கரை என்ற இளம் சப்-இன்ஸ்பெக்டராகக் கதிர். அந்த அம்மாள் உத்தரவு போடுகிறார். அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வேலை பார்க்கிறான். அவ்வப்போது எதிர்த்தும் பேசுகிறான். மூன்றாவது பகுதி முடியும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, மெல்லத் திரும்பி என்னைக் கேட்டாள்:

“ஏனுங்க, இந்தப் பையன் நல்லவனாத்தான் இருக்கறான். கடைசி வரைக்கும் நல்லவனாவே உட்டு வெப்பாங்களா?”

என் மனைவி பிறந்தது நாமக்கல் பக்கம். கதை எழுதுகிறவனோடு பல காலம் குடும்பம் நடத்தியதால் கதைக்காரர்களின் குணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பலமான ஒரு பெண்ணைக் கதையில் நிறுத்திவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளையை நாங்கள் சும்மா விடமாட்டோம். அவனைக் கோழையாக்குவோம், இல்லாவிட்டால் குடிகாரனாக்குவோம். இரண்டுக்கும் மனம் வராவிட்டால் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனாக்கிவிடுவோம். அவள் கேள்வியில் இருந்தது அந்தச் சந்தேகம்தான்.

நான் பதில் சொல்லவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை நேரே சேலத்துக்கு, ஏற்காடு போகும் சாலைக்குக் கொண்டுபோய் விட்டது.

அந்தச் சாலையில் இன்று ஒரு முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்ற பெயரைத் தாங்கி, உள்ளே ஸ்டூடியோ இல்லாத வளைவு. திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்திலே லீட்ஸுக்குப் போய் நெசவுத் தொழில் படித்துத் திரும்பியவர், தறியை விட்டுவிட்டுப் படம் பிடிக்கப் புறப்பட்டார். 1930-களின் நடுவில் அந்த மலையடிவாரத்தில் ஸ்டூடியோவை நிறுவினார். 1963-இல் அவர் காலமாகும் வரையிலும், அதற்குப் பின் அவர் மகன் காலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938) அங்கேதான் பிறந்தது. தமிழின் முதல் முழு வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் தயாரிப்பு. இதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. குற்றக் கதையும் பெண்ணும் அங்கே எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

1947-இல் அவர்கள் ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’ என்ற படத்தை எடுத்தார்கள். வி. என். ஜானகி சிந்தாமணி. கல்யாணம் செய்துகொள்ள வருகிறவனிடம் கேள்வி கேட்பாள். பதில் தெரியாதவன் தலை போய்விடும். எத்தனை தலை என்ற கணக்கைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கடைசியில் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ராஜகுமாரன் வருகிறான், கல்யாணம், மங்களம். முன்னே போன தலைகளைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. கெட்டிக்காரியான பெண்ணென்றால் அவள் பக்கத்தில் ஆண் தலையே இருக்கக்கூடாது, இருந்தால் அவளைவிடக் கெட்டிக்காரத் தலையாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் கணக்கு. நடுவாக ஒரு மனிதனை அந்தக் கதை கற்பனைகூடச் செய்யவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1950-இல், ‘மந்திரி குமாரி’ வந்தது.

நான் அதை முதல் வெளியீட்டில் பார்க்கவில்லை. அப்போது பிறக்கவே இல்லை. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அது எத்தனையாவது தடவையோ வந்தபோது, அம்மாயியின் மடியில் பாதியும் மணலில் பாதியுமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் சோடாவும் வரும். கள்ளன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு பாடியபடியே மலை ஏறும் காட்சியில் மட்டும் முறுக்கு விற்கிற பையனும் நின்றுவிட்டான். கணவன் கொல்லப் போகிறான் என்பது எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பாட்டோ தேனாக இருக்கிறது. ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அவ்வளவு இனிமையான பாட்டைக் கேட்டுக்கொண்டே அவ்வளவு பயந்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

உச்சிக்குப் போனதும் அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் அழுது காலில் விழுந்து மன்றாடவில்லை. சாகுமுன் உங்களை மூன்று தரம் வலம் வந்துவிடுகிறேன் என்கிறாள். பதிவிரதை கேட்கக்கூடிய வரந்தானே? அவனும் சம்மதிக்கிறான். மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது கைதட்டல் என்று சொல்ல முடியாது, ஒரு பெருமூச்சு. வீடு திரும்பும்போது தூரத்தில் இருட்டாகத் தெரிந்த சேர்வராயன் மலையைக் காட்டி, “அந்தா, அங்கதான் கண்ணு தள்ளுனா” என்றாள் அம்மாயி. பல வருஷம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கதையும் வசனமும் மு. கருணாநிதி, அவரே எழுதியிருந்த நாடகத்திலிருந்து வந்த படம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத் தொடங்கி, அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவே, டி. ஆர். சுந்தரம் முடித்தார். அமுதவல்லியாக மாதுரி தேவி, ராஜகுருவின் மகனும் கொள்ளைக்கூட்டத் தலைவனுமான பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜன். தளபதி வீரமோகனாக எம். ஜி. ஆர். இருக்கிறார். கத்தி அவரிடம் இருக்கிறது. நீதியும் அவர் பக்கம் இருக்கிறது. ஆனாலும் கள்ளனுடைய கணக்கைத் தீர்ப்பது அந்தக் கத்தி இல்லை. முன்பு அவனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றிய அதே மனைவியின் இரண்டு வெறுங்கைகள். எம். ஜி. ஆர். படம் என்று நினைத்துப் பார்க்கும் இன்றைய ரசிகருக்கு இது விசித்திரமாகவே இருக்கும்.

கதையின் வேர் சேலத்தைவிட மிகப் பழையது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. நாதகுத்தனார் எழுதிய அந்தக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை 19 பாடல்கள்தாம். மலையிலிருந்து விழுந்த கள்ளனைப் போல மீதி எங்கோ போய்விட்டது. கதையை நாம் உரைகளிலிருந்தும் பாலி மொழிப் பௌத்த நூல்களிலிருந்தும் மீட்டுக்கொள்கிறோம். அங்கே அவள் ராஜகிருக நகரத்துச் செல்வரின் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்ளனைச் சன்னல் வழியே பார்த்து மயங்குகிறாள். அந்தக் கள்ளன் யார் தெரியுமா? அரசனுடைய புரோகிதரின் மகன். கருணாநிதி அவனை ராஜகுருவின் மகனாகவே வைத்துக்கொண்டார். செட்டியார் மகளை மட்டும் மந்திரி மகளாக மாற்றினார். பாலிக் கதையில் ஒரு சின்ன விஷயம் எனக்கு நிரம்பப் பிடிக்கும். அவள் அவனைத் தள்ளியதும், அந்த மலையில் குடியிருந்த தெய்வம் அவள் புத்தியை மெச்சிக்கொள்கிறதாம், அறிவு ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று. பிறகு அவள் வீடு திரும்பவில்லை. சமணத் துறவியாகிறாள், பறித்த தலைமுடி சுருள் சுருளாக வளர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது. வாதத்தில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்தில் சேர்கிறாள்.

கவனியுங்கள். தள்ளிய பிறகு அவளுக்கு வீடு கிடையாது. புருஷனைத் தண்டித்த பெண்ணுக்குப் பழைய கதையில் இருந்த ஒரே இடம் மடம்.

இதைப் படித்தபோது எனக்கு இங்கிலாந்துத் தொடர் ஒன்று ஞாபகம் வந்தது. 2013-இல் ஒளிபரப்பான ‘பிராட்சர்ச்’. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு சிறுவன் கொல்லப்படுகிறான். எல்லி மில்லர் என்ற பெண் போலீஸ் அதிகாரியும் வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டியும் துப்புத் துலக்குகிறார்கள். எல்லியின் கணவன் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சாது. கடைசிப் பகுதியில் கொலைகாரன் அவனே என்று தெரிகிறது. கண்டுபிடித்து அவளிடம் சொல்பவர் ஹார்டி. பல நூற்றாண்டுகளையும் ஏழு கடலையும் தாண்டி, அதே மலையுச்சி! ஆனால் அவளுக்குத் தள்ளும் உரிமைகூட இல்லை. அவமானம் மட்டும் அவள் பங்குக்கு வந்தது. அருமையான தொடர் என்பதில் ஐயமில்லை. ஒலிவியா கோல்மனின் நடிப்பைப் பார்த்து நான் அழுதேன். அழுது முடித்தபின் எனக்குள் இருக்கும் கதைக்காரன் கேட்டான்: குழந்தைக்குச் சோறூட்டுகிற புருஷன் ஒருத்தனைக் கதையில் நிறுத்தினீர்களே, அவனையா குற்றவாளியாக்க வேண்டும்?

அதற்கு முன்பே, 1991-இல், லிண்டா லா பிளான்ட் எழுதிய ‘பிரைம் சஸ்பெக்ட்’ தொடரில் ஹெலன் மிரன் ஜேன் டெனிசனாக வந்தார். ஆண்கள் நிறைந்த காவல் நிலையத்தில் தலைமை ஏற்கும் பெண். அவள் கூட வாழ்கிறவன் விருந்துச் சமையலுக்கு அவள் நேரத்துக்கு வரவில்லை என்று விலகிப் போகிறான். ஒரு வகையில் இது நாணயமான சித்திரம். அவன் கள்ளன் அல்ல, சாதாரண மனிதன். சாதாரண மனிதனால்கூட அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்பதுதான் வேதனை.

நம் பக்கம் திரும்புவோம். எங்கள் ஜில்லாக் கொட்டகைகளில் 1960-களின் நடுவிலிருந்து துப்பறியும் படங்களின் காலம். ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘இரு வல்லவர்கள்’ (1966), ‘வல்லவன் ஒருவன்’ (1966) என்று வல்லவர்களாகவே வந்துகொண்டிருந்தார்கள். தலைப்பில் ஒரு வல்லவள்கூட இல்லை. பெண்கள் இருந்தார்கள், ஆடினார்கள், கடத்தப்பட்டார்கள், காப்பாற்றப்பட்டார்கள். அமுதவல்லியை அனுப்பிய அதே ஸ்டூடியோ பதினைந்தே ஆண்டில் இப்படி ஆகிவிட்டது. காலம் முன்னோக்கித்தான் போகும் என்று நம்புகிற நண்பர்களுக்கு இந்த வரிசையை நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவதுண்டு.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ வந்தது. ஜெய்சங்கர்தான் சங்கர். கதாநாயகி ஏ. சகுந்தலா, சேலம் அரிசிப்பாளையத்துப் பெண். படத்தின் பெயரிலே சி.ஐ.டி. யார்? சங்கர். ஜனங்கள் அந்தப் பட்டத்தை யாருக்குக் கட்டினார்கள்? சகுந்தலாவுக்கு! அன்றிலிருந்து 2024-இல் அவர் காலமாகும் வரை அவர் ‘சி.ஐ.டி. சகுந்தலா’தான். பத்திரிகைகளின் இரங்கல் செய்திகளிலும் அதே பெயர். ஜெய்சங்கரை யாரும் அப்படி அழைக்கவில்லை. அவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்று வேறு பட்டம் கிடைத்துவிட்டது. கதாசிரியர்கள் கொடுக்காததை ரசிகர்கள் தங்கள் கையாலேயே எடுத்துக் கொடுத்த சந்தர்ப்பம் இது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

நிஜத்தில் அந்தப் பட்டத்துக்கு உரியவர் வரச் சில ஆண்டுகளே ஆயின. 1951-இல், தருமபுரி இன்னும் சேலம் ஜில்லாவில் இருந்த காலத்தில், அந்தப் பகுதியில் பிறந்த திலகவதி, 1976-இல் ஐ.பி.எஸ். ஆனார்; தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பணிக்குப் போன முதல் பெண். அவரே நாவலாசிரியரும் ஆனார் என்பதும் ‘கல்மரம்’ நாவலுக்கு 2005-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார் என்பதும் எங்களைப் போன்ற தொழில்காரர்களுக்குப் பெருமையும் கொஞ்சம் பொறாமையும் தரும் செய்தி.

1989-இல் தூர்தர்ஷனில் ‘உடான்’ வந்தது. இந்தி ஒரு வார்த்தை புரியாமல் தெருவே பார்த்தது. கவிதா சௌத்ரி கல்யாணி சிங்காகக் காக்கி உடுத்தி நடந்து வந்தால் போதும், மொழி எதற்கு? அதில் கலெக்டராக சேகர் கபூர் வருவார். அவளை மதித்துப் பேசுகிற, அவள் வேலையைத் தன் வேலையாக்கிக் கொள்ளாத மனிதர். அடுத்த ஆண்டே விஜயசாந்தியின் ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ தெலுங்கிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வந்து கொட்டகைகளை நிரப்பியது. சேலத்துத் தியேட்டர்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நினைக்கும்போது மனம் சஞ்சலப்படுகிறது. இரண்டே ஆண்டில், 1992-இல், தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொட்டில் வைத்த ஜில்லா எது? எங்கள் சேலம்தான். பெண்ணாகப் பிறந்ததைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த பூமி இது. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் அதே 1992-இல்தான். திரையில் விஜயசாந்தி ரௌடியை உதைத்தபோது கைதட்டிய கைகளில், முந்தின வாரம் பாலாடையில் எதையோ கரைத்த கையும் ஒன்று இருந்திருக்குமோ? அந்தக் குற்றத்தை எந்தத் துப்பறியும் கதையும், என்னுடையது உட்பட, அப்போது தொடவில்லை. அங்கே குற்றவாளி தனி ஆளில்லை. தாத்தா, பாட்டி, தகப்பன், சில சமயம் தாயே. மலையிலிருந்து தள்ள ஒரு பார்த்திபன் போதாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நெடுங்காலத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினேன். ஆத்தூரில் ஒரு பெண் வக்கீல். ஒரு கொலையைத் துலக்குகிறாள். அவள் கணவன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். அவள் கோர்ட்டுக்குப் புறப்படும்போது தயிர்ச்சோறு கட்டிக் கொடுப்பான். இரவில் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினைந்தாவது வாரம் ஆசிரியரிடமிருந்து கடிதம். ‘கணவன் பாத்திரம் சப்பென்று இருக்கிறது. ஒன்று அவன் வந்து அவளைக் காப்பாற்றட்டும். அல்லது அவனே கொலையாளி என்று ஆக்குங்கள், வாசகர்கள் திடுக்கிடுவார்கள்.’

நான் இரண்டு நாள் யோசித்தேன். பெண்ணின் பலத்தைக் குறைக்க மனம் வரவில்லை. அதுவரைக்கும் எனக்கு மானம் இருந்தது. ஆகவே கணவனைக் கொலைகாரனாக்கினேன். வாசகர்கள் திடுக்கிட்டார்கள். ஆசிரியர் பாராட்டினார்.

ராசிபுரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார். கடிதம் அரைப் பக்கம்தான். ‘ஐயா, பதினெட்டு வாரம் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவனை எதற்காக இப்படிச் செய்தீர்கள்? என் வீட்டுக்காரரும் எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறவர். எங்கள் உறவுக்காரர்கள் அதற்காகவே அவரைக் கேலி பேசுகிறார்கள். உங்கள் கதையை இருவரும் சேர்ந்துதான் படித்து வந்தோம். கடைசி வாரத்தை அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார்.’

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது?

திருச்செங்கோட்டு மலைக்கு நானும் என் மனைவியும் வருஷத்துக்கு ஒரு முறை போவதுண்டு. அங்கே அர்த்தநாரீசுவரர், வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். வேட்டியும் சேலையும் ஒரே திருமேனியில். பிருங்கி முனிவர் கதையை அங்கே சொல்வார்கள். அவர் அம்மனை விட்டுவிட்டுச் சிவனை மட்டுமே வலம் வருவாராம். அம்மன் நெருங்கி உட்கார்ந்தாள். முனிவர் வண்டாக மாறி நடுவே துளைத்துக்கொண்டு சுற்றினார். அம்மன் உடம்போடு உடம்பாக ஒன்றிப் பாதியானாள். ஒருவரை மட்டும் சுற்றுவதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டாள். டி. ஆர். சுந்தரம் இந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவர். அமுதவல்லியின் மூன்று சுற்றைப் படம் பிடித்தபோது அவருக்கு இந்தப் பிருங்கி நினைவுக்கு வந்திருப்பாரா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அங்கே, சுற்றுகிறவள் தள்ள வேண்டியிருக்கிறது. இங்கே, சுற்றவே விடாமல் சேர்ந்து நிற்கிறாள். சிலப்பதிகாரத்துப் பழைய உரைமரபில் ஒன்று, கண்ணகி வானேறிய குன்றும் திருச்செங்கோடே என்கிறது. கணவனுக்காகச் சிலம்பைச் சாட்சியாக உடைத்தவளும், கணவனோடு ஓருடம்பானவளும் ஒரே மலையில்!

‘சுழல்’ தொடரின் பின்னணியில் நடப்பது மயானக் கொள்ளைத் திருவிழா. சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் பக்கத்து அங்காளம்மன் கோயில்களிலும் அது நடக்கும். பிரம்மாவின் தலையைக் கிள்ளிய சிவனுக்கு அந்தக் கபாலம் கையோடு ஒட்டிக்கொண்டு பிச்சை எடுக்கும்படி ஆயிற்று. அந்தத் தோஷத்திலிருந்து அவரை விடுவித்தவள் அங்காளம்மன். கணவன் செய்த குற்றம், கணவன் பட்ட கஷ்டம், தீர்த்து வைத்தவள் மனைவி. அவள் உக்கிரமாக இருந்தாள் என்பதற்காகச் சிவனை யாரும் சின்னவராக்கவில்லை. இந்திக்காரர்களின் ‘டெல்லி கிரைம்’ (2019) தொடரில் வர்த்திகாவின் கணவனும் ஒரு போலீஸ் அதிகாரியே. அவள் வழக்கில் மூழ்கி நாள்கணக்கில் வீடு வராதபோது அவன் கொலைகாரனாகவும் ஆகவில்லை, கோபித்துக்கொண்டும் போகவில்லை. கதை அதனால் ஒன்றும் சப்பென்று போய்விடவில்லை. சர்வதேச எம்மி பரிசே கிடைத்தது.

போன ஆண்டு ஒரு பதிப்பகத்தார் என் பழைய தொடர்கதையைப் புத்தகமாகப் போடக் கேட்டார்கள். கத்தரித்து வைத்திருந்த பழைய பக்கங்களை எடுத்துப் படித்தேன். முதல் பதினைந்து வாரத்தில் அந்தக் கணவன்மேல் சந்தேகப்பட ஒரு துரும்புகூட இல்லை. துப்பறியும் கதையின் முதல் தர்மத்தையே மீறியிருக்கிறேன். கடைசி மூன்று அத்தியாயங்களைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். அவன் இல்லையென்றால் கொலை செய்தது யார் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பதினாறாவது அத்தியாயத்தில் நிற்கிறேன். அவன் அடுக்களையில் சோற்றில் தயிர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

‘சுழல்’ எட்டாவது பகுதி முடிந்தபோது மணி பன்னிரண்டரை. என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள்.

“பரவாயில்லைங்க, அந்தப் பையன உட்டு வெச்சுட்டாங்க” என்று சொல்லிவிட்டு, காலையில் மாவு அரைக்க ஊறப்போட வேண்டும் என்று உள்ளே போனாள்.